வலைக்கண் ஒரே அளவாய் வர

யாழ்ப்பாணத்திலை குருநகர், பாசையூர் பக்கம் வலை பொத்துறவை கண் அளக்கிற தடி வைக்காமல் விரலாலேயே கண்ணை அளப்பினம். கை பழகினவைக்கு அது சரி. புதுசாய்ப் பழகிற நாங்கள் தடி வைக்கத்தான் வேணும்.

தட்டையான மூங்கில் சிம்பு போதும். 2 அங்குலக் கண் வேணுமெண்டால் தடியின்ரை அகலம் 1 அங்குலம். கண்ணை இழுத்துப் பிடிச்சு அளக்கிறபடியால்தான் இந்தப் பாதிக் கணக்கு. நான் முதல் 2 அங்குலத் தடி வைச்சுப் பின்னி, 4 அங்குலக் கண்ணோடை முழிச்சுக்கொண்டு நிண்டன்!

முடிச்சுத்தான் முக்கியம். நூல் சுத்தின வலை ஊசியை மேல் கண்ணுக்குள்ளாலை கீழிருந்து எடுத்து, நூலைப் பெருவிரலாலை அமத்துங்கோ. மிச்ச நூலை இடப்பக்கம் வளையமாய் எறிஞ்சு, கண்ணின்ரை இரண்டு காலுக்கும் (இரண்டு பக்க நூலுக்கும்) பின்னாலை ஊசியைக் கொண்டுபோய் அந்த வளையத்துக்குள்ளாலை இழுக்கவேணும். இறுகுமட்டும் பெருவிரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் முடிச்சு கண்ணுக்குக் கீழை வழுகி விழும். பார்வைக்கு முடிச்சு மாதிரி இருக்கும், மீன் முட்டினால் முடிச்சு நழுவி ஓடும்.

நைலோன் நூல் வழுக்கும், அதுக்கு இன்னொரு சுற்றுப் போடுங்கோ. தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை இலங்கையிலை தடை, அதிலை பழகவேண்டாம்.