தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளத் திட்டமிடுவது எப்படி?

வீட்டுப் பிரசவம் என்றதும் மெத்தை, வெந்நீர், மங்கலான விளக்கு என்று யோசனை ஓடும். தலைப்பிரசவத்தில் முதலில் திட்டமிட வேண்டியது இவை எதுவுமில்லை. உங்கள் வீட்டு வாசலிலிருந்து அறுவை அரங்கு உள்ள மருத்துவமனை வரைக்குமான வழியைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் சிக்கல் குறைவான சுமார் 64,000 கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி, ஆம்புலன்ஸ், மருத்துவமனைத் தொடர்பு எல்லாம் இருந்தும், வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவங்களில் 100க்கு 45 மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. குழந்தை இறப்பது, மூளை பாதிப்பு போன்ற கடுமையான விளைவுகள் வீட்டில் திட்டமிட்டவர்களிடம் 1,000க்கு 9.3 ஆகவும், மருத்துவமனையில் திட்டமிட்டவர்களிடம் 5.3 ஆகவும் இருந்தன. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு எண்களும் சிறியவைதான். ஆனால் அவை ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பயிற்சியில்லாத உறவினரோ, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட கணவரோ பார்க்கும் பிரசவத்துக்கு இது வழிகாட்டி அல்ல. அதற்குப் பாதுகாப்பான செய்முறை என்று ஒன்று கிடையாது. வீட்டுப் பிரசவம் பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

படி 1: உங்களுக்கு இது பொருந்துமா?

வயிற்றில் ஒரே குழந்தை இருக்க வேண்டும். 36 வாரத்தில் தலை கீழே திரும்பியிருக்க வேண்டும். நஞ்சு (பிளாசென்டா) கர்ப்பப்பை வாயை மறைக்கவில்லை என்று ஸ்கேனில் தெளிவாக இருக்க வேண்டும். வலி 37 வாரம் முடிந்த பிறகு, 42 வாரத்துக்குள் தானாக வர வேண்டும்.

ரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினால், சர்க்கரை நோய், வலிப்பு, இதய நோய் இருந்தால், குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருந்தால், நார்த்திசுக் கட்டி போன்றவற்றுக்காகக் கர்ப்பப்பையில் ஏற்கெனவே அறுவை நடந்திருந்தால், மருத்துவமனைதான். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைப் பிரசவத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். ரத்தம் குறைவான உடல் அதே அளவு ரத்தப்போக்கைத் தாங்காது. உங்கள் ரத்தவகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் வகையைப் பார்த்து, தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தவகையை எதிர்க்கும் பொருள் உங்கள் உடலில் உருவாகாமல் தடுப்பது) போட ஏற்பாடு வேண்டும்.

இது ஒருமுறை பார்த்து முடித்துவிடும் சோதனை அல்ல. 36 வாரத்தில் ஒருமுறை, வலி தொடங்கியதும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி வாரத்தில் அழுத்தம் ஏறினால் திட்டம் அன்றே மாறும். அதை ஏற்கும் மனம் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்தல்

உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். பிறக்கும் நேரத்தில் பயிற்சி பெற்ற இருவர் அறையில் இருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் கவனிக்க வேண்டிய உயிர்களும் இரண்டு. தாய்க்கு ரத்தம் போகும்போதே குழந்தை மூச்சுவிடாமல் இருந்தால் ஒருவரால் சமாளிக்க முடியாது.

அவர் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் டாப்ளர், ரத்த அழுத்தக் கருவி, பச்சிளம் குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கும் பையும் முகமூடியும், பிறந்த பின் கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தத்தை உறையச் செய்ய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், தையல் பொருட்கள், தொப்புள்கொடிக் கவ்விகள், குழந்தைக்கு ரத்தக்கசிவு வராமல் தடுக்கும் வைட்டமின் கே எல்லாம் இருக்க வேண்டும். ஆக்ஸிடோசினை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்காத மருந்து வீரியம் இழக்கும். ரத்தம் கொட்டும்போது அது உங்களைக் கைவிடும்.

‘தலைப்பிரசவத்தில் எத்தனை பேரை மருத்துவமனைக்கு மாற்றினீர்கள்?’ என்றும் கேளுங்கள். ‘ஒருவரைக்கூட இல்லை’ என்று பெருமையாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். பல பிரசவம் பார்த்தவர் அப்படிச் சொல்ல முடியாது.

படி 3: மருத்துவமனையும் வண்டியும்

34 வாரத்துக்குள் மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிடுங்கள். இரவிலும் சிசேரியன் செய்ய ஆள் இருக்கிறார்களா, ரத்த வங்கி இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். பிறகு வண்டியில் போய்ப் பாருங்கள்: நெரிசல் நேரத்தில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை. அரை மணிக்கு மேல் ஆகிறதென்றால் அந்த வீடு தலைப்பிரசவத்துக்கு ஏற்றதல்ல என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. மருத்துவமனைக்கு அருகிலுள்ள வேறு வீட்டை யோசியுங்கள்.

பலர் மறப்பது படிக்கட்டு. ஸ்ட்ரெச்சர் உங்கள் படி வளைவில் திரும்புமா? திரும்பாது என்றால், கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து இருவர் தூக்கி இறக்க முடியுமா? அதைப் பகலில் ஒருமுறை வேறொருவரை உட்காரவைத்துச் செய்து பார்த்துவிடுங்கள்.

37 வாரம் முதல் வண்டியில் எரிபொருள் நிறைந்தே இருக்கட்டும். ஆம்புலன்ஸ், மருத்துவமனை, ஓட்டுநர் எண்களைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ரத்தவகை, ஸ்கேன், பரிசோதனை அட்டை எல்லாம் மருத்துவமனைப் பையிலேயே இருக்க வேண்டும். மருத்துவச்சி ‘கிளம்பலாம்’ என்றால் அங்கே விவாதம் கூடாது. குடும்பத்தில் எல்லாரும் இதை முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

படி 4: அறை

கழிப்பறைக்குப் பக்கத்து அறை நல்லது. வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. குழந்தை வெளிவரும் நேரத்தில் மின்விசிறி, ஏசி இரண்டும் நிற்க வேண்டும். மெத்தையை இரட்டை அடுக்காக விரியுங்கள்: சுத்தமான விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேலே பழைய விரிப்பு. பிரசவம் முடிந்ததும் மேலிரண்டையும் சுருட்டி எடுத்தால் கீழே படுக்கை தயாராக இருக்கும்.

பொருட்கள்: துவைத்து வெயிலில் காயவைத்த துண்டுகள் பத்து, பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட், குழந்தைக்குத் தொப்பி, வெப்பமானி, சமையலறைத் தராசு, குப்பைப் பைகள், நல்ல டார்ச். தையல் போட வெளிச்சம் வேண்டும். கைபேசி விளக்கு போதாது.

தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால் நீர் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 600 லிட்டர் நீர் என்பது 600 கிலோ. மாடியில் வைக்குமுன் தளம் தாங்குமா என்று பாருங்கள்.

படி 5: வலி தொடங்கியதும்

பொய் வலி நடந்தால், படுத்தால், வெந்நீரில் குளித்தால் அடங்கும். நிஜ வலி நெருங்கி நெருங்கி வரும், நீண்டுகொண்டே போகும். தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் முதன்முறையாக மெலிந்து விரிகிறது. அதனால் 5 சென்டிமீட்டர் வரை விரிய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகலாம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: முதல் வலிக்கே வீடு முழுக்க விழித்துக்கொள்கிறது, தாயைத் தூங்க விடுவதில்லை. முக்க வேண்டிய நேரத்தில் அவளிடம் தெம்பே இருப்பதில்லை. எனவே தூங்குங்கள், லேசாகச் சாப்பிடுங்கள், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும்.

10 நிமிடத்தில் 3 வலி, ஒவ்வொன்றும் 45 விநாடிக்குக் குறையாமல் வந்தால் மருத்துவச்சியை அழையுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் உடனே அழைத்து, நேரத்தையும் நீரின் நிறத்தையும் சொல்லுங்கள்.

அவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், வலி ஓய்ந்த உடனே ஒரு நிமிடம் குழந்தையின் துடிப்பைக் கேட்க வேண்டும். 110 முதல் 160 வரை இயல்பு. வலியின் அழுத்தத்துக்குப் பின் துடிப்பு மீள்கிறதா என்பதுதான் கேள்வி. முக்கும் கட்டம் தலைப்பிரசவத்தில் 3 மணி நேரம் வரை போகலாம்.

இரண்டை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒன்று, பிரசவத்தை வேகப்படுத்த, குழந்தை பிறக்கும் முன்பே வலியைத் தூண்டும் ஊசியை வீட்டில் போடுவது. அது கர்ப்பப்பையைக் கிழிக்கலாம், குழந்தைக்கு ஆக்ஸிஜன் போவதைத் தடுக்கலாம். இன்னொன்று, மேல்வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது.

படி 6: கிளம்ப வேண்டிய நேரம்

மருத்துவமனைக்கு மாற்றுவது பெரும்பாலும் வலி முன்னேறாமல் நிற்பதால்தான். அதற்குப் பதற்றம் தேவையில்லை, தாமதமும் தேவையில்லை. ஆனால் கீழுள்ளவற்றில் ஒன்று வந்தாலும் உடனே புறப்படுங்கள்:

- பச்சையான அல்லது கெட்டியான பனிக்குட நீர்
- துடிப்பு 110க்குக் கீழே இறங்குவது அல்லது 160க்கு மேலேயே நிற்பது
- பிறக்கும் முன்பே ரத்தம் கொட்டுவது
- 38 டிகிரி காய்ச்சல்
- கடும் தலைவலி, பார்வை மங்குதல், வலிப்பு
- கை, கால் அல்லது பிட்டம் முதலில் தெரிவது
- தொப்புள்கொடி வெளியே வருவது

கடைசியாகச் சொன்னது வந்தால் கொடியை உள்ளே தள்ளாதீர்கள், தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். தாய் முழங்காலும் மார்பும் படுக்கையில் பட, இடுப்பை உயர்த்திக் குப்புற இருக்கட்டும். குழந்தையின் தலை கொடியை நசுக்குவது அதனால் குறையும்.

படி 7: முதல் ஒரு மணி நேரம்

குழந்தை வெளிவந்ததும் தாயின் வயிற்றில் போட்டு ஒரு துண்டால் தலை, முதுகு, கைகால் என்று நன்றாகத் துடைக்க வேண்டும். நனைந்த அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, தாயின் தோலோடு தோலாகக் கிடத்தி, உலர்ந்த இரண்டாவது துண்டால் இருவரையும் சேர்த்து மூட வேண்டும். ஈரத்துண்டை அப்படியே விட்டால் குழந்தை சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். துடைத்தும் அழவில்லை, மூச்சில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் மருத்துவச்சி முகமூடியால் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுவது உதவாது. நன்றாக மூச்சுவிடும் குழந்தைக்குக் கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டினால் போதும். வெட்டிய இடத்தில் எதையும் தடவ வேண்டாம்.

தாய்க்குத் தசையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஒரு நிமிடத்துக்குள். நஞ்சு பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும். யாரும் கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வந்த நஞ்சு முழுமையாக இருக்கிறதா என்று விரித்துப் பார்க்க வேண்டும். துணுக்கு உள்ளே தங்கினால் ரத்தம் நிற்காது.

தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கர்ப்பப்பை கெட்டியான பந்துபோல் தட்டுப்பட வேண்டும். மாவுபோல் அமுங்கினால் அது சுருங்கவில்லை என்று பொருள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே சொல்வோம். நாப்கினின் உலர்ந்த எடையைக் கழித்துத் தராசில் பாருங்கள். 1 கிராம் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டர் ஆனதும், ரத்தம் நின்றதுபோல் தெரிந்தாலும், மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

படி 8: அடுத்த நாட்கள்

ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், வைட்டமின் கே 1 மி.கி. ஊசி, 24 மணி நேரம் குளிப்பாட்டாமல் இருப்பது. தாய் 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருத்துவச்சியின் வருகைகளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்: முதல் 24 மணி நேரத்துக்குள், மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம். பிறப்புப் பதிவுக்கு அவர் கையெழுத்து தேவைப்படும் இடமென்றால், முதல் வருகையிலேயே படிவத்தை எடுத்து வையுங்கள்.