நூலகப் பணியாளர் ஆய்வு வாய்ப்பும் நிதியும் பெறுவது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

மாநகர சபை நூலகத்திலோ, பாடசாலை நூலகத்திலோ, சங்கமொன்றின் வாசிகசாலையிலோ பணியாற்றும் நம்மில் பலர், ஆய்வும் அதற்கான நிதியும் பல்கலைக்கழக நூலகர்களுக்கே உரியவை என்று எண்ணி விலகி நிற்கிறோம். பல்கலைக்கழக நூலகர் பதவிகள் கல்விசார் பதவிகளாக இருப்பதால் அங்கு ஆய்வு கடமையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தமிழ் மொழிமூலப் புத்தகம் தேடி மருதானையிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி எதைப் பெறாமல் திரும்பிப் போனாள் என்பது இரவற் பகுதியில் அமர்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவை ஆய்வாக மாற்றி, அதற்குப் பணமும் பயிற்சியும் தேடும் வழியை, நான் பயன் கண்ட ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதல் வேலைக்குப் பணம் தேவையில்லை. ஒரு கொப்பி போதும். என் மேசையில் திகதி முத்திரைக்கு அருகே எண்பது பக்கக் கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். பக்கத்தை ஐந்து நிரல்களாகக் கோடிட்டு, திகதி, கேட்கப்பட்ட நூல் அல்லது விடயம், மொழி, கேட்டவர் மாணவரா வேறு ஒருவரா, கிடைக்காத காரணம் என்று எழுதி வருகிறேன். ஒரு பக்கத்தின் மேல் வரியில் சாதாரண தர மாணவி ஒருத்தி கேட்ட தமிழ் மொழிமூல விஞ்ஞான வினாத்தாள் தொகுப்பு இருக்கிறது. அதே பக்கத்தின் அடியில், தம் தந்தையார் எழுதிய பழைய மலையகச் சஞ்சிகையைத் தேடி வந்த முதியவரின் கோரிக்கை இருக்கிறது. இரண்டுக்கும் பதில் “இல்லை” என்பதே, ஆனால் காரணங்கள் வேறு: முன்னையது வாங்கப்படவில்லை, பின்னையது எங்கே இருக்கிறதென்றே பட்டியலில் இல்லை. கடைசி நிரலை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள், ஏனெனில் பிற்பாடு ஆய்வாக விரிவது அந்த நிரல்தான். வாசகரின் பெயரையோ அங்கத்துவ இலக்கத்தையோ எழுதாதீர்கள். வாசிப்பு ஒருவரின் அந்தரங்கம், ஆய்வுக்கு அது தேவையுமில்லை.

மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும் கேள்வியை அமைக்கலாம். “கொழும்பில் தமிழ் வாசிப்புப் பழக்கம்” என்பது ஒருவர் தம் வாழ்நாளிலும் முடிக்க இயலாத தலைப்பு. “எமது உசாத்துணைப் பகுதிக்கு மூன்று மாதங்களில் வந்த தமிழ்மொழிக் கோரிக்கைகளுள் நிறைவேறாதவை எவை, அவற்றுக்குக் காரணங்கள் யாவை?” என்பது ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் முடிக்கக்கூடிய ஆய்வு. தொடங்குமுன் பிரதம நூலகரிடமோ அதிபரிடமோ எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி, இடமாற்றம் வந்ததும் மறைந்துபோகும்.

அடுத்ததாக, தனியே நிற்காதீர்கள். 1960 இல் தொடங்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் நூலக தகவல் விஞ்ஞான டிப்ளோமாவைத் தமிழ் மொழிமூலத்திலும் பயிலலாம். பட்டம் இல்லாமல் பணியில் சேர்ந்தவருக்கு இதுவே மிகப் பொருத்தமான முதற்படி என்பது என் கருத்து. சங்கத்தின் ஆண்டு மாநாடும் அதன் ஆய்விதழான சிறிலங்கா லைப்ரரி ரிவியூவும் புதியவருக்குக் கிடைக்கும் நல்ல மேடைகள். மேற்படிப்புக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின்கீழ் 1999 இல் அமைக்கப்பட்ட நூலக தகவல் விஞ்ஞானங்களுக்கான தேசிய நிறுவகமும் களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக தகவல் விஞ்ஞானத் துறையும் இருக்கின்றன. சுதந்திர சதுக்கத்தை அண்டியுள்ள தேசிய நூலகத்துக்கு வருடத்தில் ஒரு தடவையாவது நேரில் போய், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் பயிற்சி அறிவித்தல்களைக் கேட்டுப் பெறுங்கள். சுற்றறிக்கை கோப்புக்குள் படுத்துவிடும் அலுவலகங்களில் வேலை செய்வோர் இதைத் தவறவிடக் கூடாது.

ஆய்வுக்கான வாசிப்பைச் செலவின்றியே செய்யலாம். இலங்கை ஆய்விதழ்களைத் திறந்த அணுக்கத்தில், அதாவது எவரும் இலவசமாக வாசிக்கும்படி, வைத்திருக்கும் சிறிலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தைத் தேசிய விஞ்ஞான மன்றம் நிர்வகிக்கிறது. 2003 இல் தொடங்கிய ஈ-லிஸ் களஞ்சியத்தில் நூலகவியல் கட்டுரைகள் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. இப்லா எனப்படும் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் வெளியீடுகளைத் தனது களஞ்சியத்தில் இலவசமாகத் தருகிறது. சந்தா இதழ்கள் தேவைப்பட்டால், வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு அவற்றை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் ரிசேர்ச் போர் லைப் திட்டத்தில் உங்கள் நிறுவனம் பதிவு செய்யத் தகுதியுடையதா என்று பாருங்கள். தனியாளாக அதில் சேர முடியாது. பழைய இலங்கைப் பதிப்புகளுக்கு, 1885 ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் முதல் வெளியீடுகள் சேர்ந்துவந்த கொழும்பு நூதனசாலை நூலகத்தை எதுவும் ஈடுசெய்யாது. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு, 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் மின்னூலகத்தையும் வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தையும் பாருங்கள்.

பணம் கேட்பதை அருகிலிருந்து தொடங்குங்கள். உள்ளூராட்சி நூலகமாயின் நிதியாண்டு ஜனவரியில் பிறக்கிறது. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டுமெனில், கோரிக்கை ஓகஸ்ட் மாதத்துக்குள் உரியவர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். நவம்பரில் எழுதும் கடிதத்துக்கு “அடுத்த வருடம் பார்ப்போம்” என்பதுதான் பதிலாக வரும். “நூலக அபிவிருத்திக்கு நிதி தருக” என்று எழுதாமல், “கடந்த மூன்று மாதங்களில் நிறைவேறாத கோரிக்கைகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது, அவற்றுள் மிகுதியாகக் கேட்கப்பட்ட 60 தலைப்புகளை வாங்க இத்தொகை தேவை” என்று, மூன்று புத்தகசாலைகளின் விலைமனுக்களோடு எழுதுங்கள். கொப்பி இங்கேதான் முதன்முதலாகப் பணமாகிறது. பாடசாலை நூலகராயின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையும், பழைய மாணவர் சங்கத்தையும், அதன் இலண்டன், ரொறன்ரோ கிளைகளையும் நாடலாம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் கொடுக்க மனமுள்ளவர்கள். அவர்களுக்கு வேண்டியது, கொடுத்த பணம் எந்த அலுமாரியில் எந்தப் புத்தகமாக நிற்கிறது என்று காட்டும் ஒரு படமும் ஒரு பட்டியலும்.

சர்வதேச நிதிகளுள் நம்மவர்க்கு மிகவும் பொருந்துபவை ஆவணப் பாதுகாப்புக்குரியவை. பிரித்தானிய நூலகம் 2004 முதல் ஆர்காடியா நிதியத்தின் உதவியோடு நடத்திவரும் எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம், பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட, அழியும் நிலையிலுள்ள ஏடுகள், கையெழுத்துப் படிகள், பத்திரிகைகள் முதலியவற்றை எண்ணிமப்படுத்த நிதி தருகிறது. மூலப் பிரதிகள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது அதன் உறுதியான விதி. ஆகவே “எங்கள் ஏடுகளை வெள்ளைக்காரர் கொண்டுபோய்விடுவார்கள்” என்று அஞ்சும் கோயில் தர்மகர்த்தாக்களிடம் இதை முதலிலேயே எடுத்துச் சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்ட ஆவணங்களுக்கு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் நூலகம் 2018 இல் தொடங்கிய மொடர்ன் எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம் உண்டு. திட்டமிடலுக்கு 15,000 டொலர் வரையும் முழுத் திட்டத்துக்கு 50,000 டொலர் வரையும் அது வழங்கி வந்திருக்கிறது. தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், நாடகச் சுவரொட்டிகள், ஸ்டூடியோ நெகட்டிவ்கள் போன்ற, நூலகங்கள் பெரும்பாலும் சேர்க்காமல் விட்டவற்றை வைத்திருப்போர் இதைக் கருதலாம். முதன்முறை விண்ணப்பிப்பவர் சிறிய, முன்னாய்வு வகை நிதியையே கேட்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். எத்தனை பெட்டிகள், எத்தனை தாள்கள், எந்த நிலையில் என்று எண்ணி முடிக்காமல் பெரிய தொகை கேட்பவரின் விண்ணப்பம் தன் பலவீனத்தைத் தானே காட்டிவிடும்.

இதில் நான் பட்ட இழப்பொன்றைச் சொல்ல வேண்டும். குடும்பம் ஒன்றின் வசமிருந்த பழைய சஞ்சிகைத் தொகுதிக்காக இரண்டு மாதம் உழைத்து விண்ணப்பம் எழுதினேன். உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு விட்டிருந்தேன். அந்த வாரத்தில் குடும்பத்தார் இருவருக்கிடையே உடன்பாடு வரவில்லை, விண்ணப்பமும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்த வீட்டின் கூரை ஒழுகி, நான் எண்ணி வைத்திருந்த பெட்டிகளுள் இரண்டு பாழாயின. சம்மதக் கடிதம், பதிப்புரிமை நிலை, நிறுவனத் தலைவரின் ஒப்பம் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே பெற்றுவிடுங்கள்.

செலவுத் திட்டத்தை எழுதும்போது ஸ்கானரின் விலையைப் போலவே மனித உழைப்பையும் மின்சாரத்தையும் சேமிப்பு வன்தட்டுகளின் இரட்டைப் பிரதியையும் கணக்கிடுங்கள். நாணயத்தையும் மறக்க வேண்டாம்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோது, ரூபாயில் திட்டமிட்டு வெளிநாட்டுக் கருவி வாங்கக் காத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். இறக்குமதிப் பொருள்களை டொலரிலும் சம்பளங்களை ரூபாயிலும் தனித்தனியே காட்டுவது நல்லது. அரச நூலகமாயின், வெளிநாட்டுப் பணம் எந்தக் கணக்குக்கு, யாருடைய அனுமதியோடு வரும் என்பதை விண்ணப்பிக்குமுன் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952 முதல் இங்கு இயங்கும் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு, பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக வரும், ஐடெக் எனப்படும் இந்திய அரசின் குறுங்காலப் பயிற்சிகள் ஆகியவற்றின் அறிவித்தல்களை ஆண்டுதோறும் பாருங்கள். அரச ஊழியர், அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபனக் கோவைக்கு அமையத் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். நீண்ட படிப்பெனில் திரும்பி வந்து பணியாற்றுவதற்கான பிணைமுறியும் உண்டு. அது எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை வீட்டாரோடு பேசிய பின் ஒப்பமிடுங்கள்.

ஆய்வு முடிந்ததும் வெளியிடப் பணம் கொடுக்காதீர்கள். “மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம்” என்று மின்னஞ்சல் அனுப்பி டொலர் கேட்கும் இதழ்கள் நம் துறையிலும் பல இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக, கட்டணம் வாங்காத ஆய்விதழ்களை டோஜ் எனப்படும் திறந்த அணுக்க இதழ்களின் விபரக்கொத்தில் வடிகட்டித் தேடலாம். கொலேஜ் அன்ட் ரிசேர்ச் லைப்ரரிஸ், இன்பர்மேஷன் ரிசேர்ச் ஆகியவை எழுதுபவரிடம் கட்டணம் கேட்பதில்லை. மேற்கோள் ஒழுங்குக்கு சொட்டெரோ மென்பொருளும், உங்கள் பெயர் பலவாறு எழுதப்படும் சிக்கலுக்கு ஓர்கிட் எனும் ஆய்வாளர் அடையாள இலக்கமும் இலவசம். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் அதன் தமிழ் வடிவம் ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதி, அனுமதி தந்த அதிகாரிக்கும் அடுத்த வரவு செலவுக் கோரிக்கைக்கும் இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டாளரின் குறிப்புகளைத் தர முடியுமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். சில நிறுவனங்கள் தருவதுண்டு. அந்தக் குறிப்புகளையும், சம்மதக் கடிதங்களையும், பழைய செலவுத் திட்டத்தையும் ஒரே கோப்பில் இட்டு, அடுத்த அழைப்பு வெளியாகும் மாதத்தை அதன் முகப்பில் எழுதி வையுங்கள். இடையிலுள்ள மாதங்களில் கொப்பியின் நிரல்கள் தொடர்ந்து நிரம்பட்டும்.