டிராக் டேக்கு டயர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டே, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும். சின்ன ஹாட்ச்பேக் ஒன்று கார்களை நிறுத்தும் பேடாக்குக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக முன் இடது டயரிடம் போய்க் குனிந்தார். வெளி ஓரத்துப் பட்டன்கள் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) பிய்ந்து, துருவல் துருவலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் இருந்த பிராண்ட் எழுத்துகளின் மேல்பாதியைத் தரை தேய்த்து எடுத்திருந்தது. "அண்ணா, முந்தாநாள்தான் நாலும் புதுசா மாத்தினேன்" என்றார். மொத்தமே ஆறு லேப், அதாவது ஆறு சுற்றுதான் ஓட்டியிருந்தார்.

அது மோசமான டயர் இல்லை. ஆபீஸ் போய்வரவும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்வரவும் அருமையான டயர். கடையில் "நல்லா கிரிப் இருக்கணும்" என்று கேட்டிருக்கிறார், அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருக்கிறார்கள். டிராக்கில் ஓட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த டயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை. பிடிப்பு அதற்கு அப்புறம்.

காரணம் எளிது. ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நான்கைந்து முறை அழுத்தி பிரேக் பிடிப்போம். எம்எம்ஆர்டி (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்று நாம் இன்னும் சொல்லும் இந்த இருங்காட்டுக்கோட்டை டிராக், சுமார் 3.7 கிலோமீட்டரில் 12 திருப்பங்கள் கொண்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயரின் ரப்பர் மடங்குகிறது, இழுபடுகிறது, மறுபடி நிமிர்கிறது. அப்படி மடங்கி நிமிரும்போதெல்லாம் உள்ளுக்குள் சூடு பிறக்கிறது. கீழே வெயிலில் காய்ந்த தார், வெறுங்காலை வைக்க முடியாது. மூன்று நான்கு லேப் போனதும் சாதாரண டயரின் ரப்பர் இளகி, எண்ணெய் தடவியதுபோல் வழுக்க ஆரம்பிக்கும். அதற்கு மேலும் விரட்டினால் பட்டன்கள் பிய்ந்துகொள்ளும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்.

இதில் புது டயருக்கு ஒரு கூடுதல் பாதகம் உண்டு, பலருக்கு இது தெரியாது. புது டயரில் பட்டன் உயரமாக இருக்கும், ஏழெட்டு மில்லிமீட்டர். உயரமான பட்டன் பக்கவாட்டில் அதிகம் ஆடும், அதனால் அதிகம் சூடாகும். காய்ந்த டிராக்கில் பாதி தேய்ந்த டயர் புது டயரைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆகவே டிராக் டேக்கு முந்தின நாள் புது டயர் போட்டுக்கொண்டு வருவது காசைக் கரைக்கும் வேலை. மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே மாற்றி, சாதாரணமாக ஓட்டிப் பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

முதல் டிராக் டே என்றால் என் யோசனை இதுதான்: காரில் இருக்கும் டயரிலேயே வாருங்கள். அது ஆரோக்கியமாக இருந்தால் போதும். சாதாரண டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிட்டுச் சொல்லும், மெதுவாக நழுவும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். குறைந்த வேகத்திலேயே இதெல்லாம் நடப்பதால் கற்றுக்கொள்வது எளிது. மூன்று லேப் வேகமாகவும் ஒரு லேப் மெதுவாகவும் ஓட்டி டயரை ஆறவிட்டால் நாள் முழுக்க தாங்கும்.

எடுத்த எடுப்பில் செமி ஸ்லிக் (பள்ளம் மிகக் குறைவான, ரேஸ் டயரை ஒத்த டயர்) போடுவது இதற்கு நேர் எதிரான தவறு. அது பிடிக்கும், பிடிக்கும், பிடித்துக்கொண்டே இருக்கும். விடும்போது நீங்கள் இன்னும் இருபது கிலோமீட்டர் அதிக வேகத்தில் இருப்பீர்கள். பெரிய சத்தமும் இருக்காது. அத்தோடு, அந்தப் பிடிப்பு காரின் மற்ற பாகங்களையும் சோதிக்கும். நீண்ட திருப்பத்தில், இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்புக்குள் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால் இன்ஜின் பேரிங் போய்விடும். ரோட்டுக்காகச் செய்த கார், ரோட்டு டயரின் பிடிப்பை மனதில் வைத்தே செய்யப்பட்டது. அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்ணீர் நிற்கும்போது, பள்ளம் மிகக் குறைவான அந்த டயரில் வீடு திரும்ப வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான்கைந்து டிராக் டே முடித்தவருக்கு நல்ல வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே கம்பெனியிலேயே வகை பார்த்து எடுக்க வேண்டும். உதாரணமாக மிஷலினில் பிரைமசி என்பது சத்தமில்லாமல் சொகுசாக ஓட்டுவதற்கான வரிசை, பைலட் ஸ்போர்ட் என்பது வேகமாக ஓட்டுபவர்களுக்கானது. இரண்டாவது வகையில் சைடுவால் விறைப்பாக இருக்கும், ரப்பரும் சூட்டை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கும். மழையிலும் நம்பி ஓட்டலாம்.

எண்களைத் தவறாகப் படிப்பது

இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் "200 ட்ரெட்வேர்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் ஆர்எஸ்4 எல்லாம் அந்த வகை. 100 என்று வைத்துக்கொண்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு பார்த்தால் எத்தனை மடங்கு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லும் அமெரிக்க அளவு அது. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணைத் தருவது அந்தந்தக் கம்பெனியேதான். அதனால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 320-ஓடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. இங்கே விற்கும் பல டயர்களில் அந்த எண்ணே இருக்காது. போதாததற்கு, 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அங்கே பேசப்படும் பல டயர்கள் இங்கே நம் அளவில் கிடைப்பது அரிது. கிடைக்காத டயருக்காக ஆறு மாதம் காத்திருப்பதைவிட, கிடைக்கும் டயரில் ஆறு டிராக் டே ஓட்டலாம்.

கவனமாகப் பார்க்க வேண்டிய எழுத்து வேறு. 195/55 ஆர்16 87வி என்று இருந்தால், 195 என்பது மில்லிமீட்டரில் அகலம், 55 என்பது அந்த அகலத்தில் சைடுவாலின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 87 என்பது அந்த ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது. டி என்றால் 190, எச் என்றால் 210. "நான் எங்கே 240-ல் போகப்போகிறேன்" என்று கேட்பார்கள். அந்த எழுத்து வேகத்தோடு சேர்த்து, அந்த வேகத்தில் எழும் சூட்டைத் தாங்குவதையும் சொல்கிறது. ஒரே அளவில் டி-யும் வி-யும் கிடைத்தால் வி-யை எடுங்கள்.

சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான்கு வருடம் கிடங்கில் கிடந்ததை டிராக்குக்கு எடுக்காதீர்கள். பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும்.

அகலம் கூட்டும் ஆசையும் உண்டு. 185/65 ஆர்15 இருக்கும் காரில் 195/55 ஆர்16 போட்டால் மொத்த உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது, சைடுவால் மட்டும் குட்டையாகும். அது நல்ல மாற்றம். அதே பழைய ரிம்மிலேயே 215 அகலத்தைத் திணித்தால் சைடுவால் பலூன்போல் உப்பி, திருப்பத்தில் மடங்கும். பழைய டயரைவிட மோசமாகத் திரும்பும்.

முன்னால் மட்டும் மாற்றுவது

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது முன்சக்கர இழுவை கார். முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் நல்ல டயர் இரண்டை வாங்கி முன்னால் போட்டுவிட்டு, பின்னால் பழைய மொட்டை டயரையே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற தவறுகள் பெரும்பாலும் காசைத்தான் தின்னும், இது காரையே சுழற்றிவிடும்.

நீண்ட நேர்பாதையான மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்ததும் வரும் முதல் திருப்பம், சி1, வேகமான வலது திருப்பம். அதற்குள் நல்ல வேகத்தில் நுழைகிறீர்கள். முன்பக்கம் புது டயர், உடனே திரும்பிக் கொடுக்கிறது. பாதியில் கொஞ்சம் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள், எல்லோரும் செய்வதுதான். எடை சட்டென்று முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. அங்கே இருப்பது பிடிப்பில்லாத டயர். அடுத்த நொடி பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். பழகிய கை இல்லாமல் அதை நிமிர்த்த முடியாது. நான்கையும் சேர்த்து மாற்றக் காசு இல்லையென்றால், பழைய நான்கிலேயே ஒரு டிராக் டே கூடுதலாக ஓட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயர் எடுக்கும்போதே இன்னொன்றையும் யோசிக்கலாம். இந்த டிராக் வலஞ்சுழியாக ஓடுவது, எனவே இடது பக்க டயர்கள்தான் அடி வாங்கும். உள்பக்கம் வெளிப்பக்கம் குறித்திருக்கும் டயர் என்றால் இடதை வலதுக்கு அப்படியே மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிடலாம். அம்புக்குறி போட்டு ஒரே திசையில் சுழலும் டயர் என்றால், பக்கம் மாற்ற ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும். விலை ஒன்றுதான் என்றால் முதல் வகை லாபம்.

பஞ்சர் ஒட்டிய டயர் வேண்டாம், அது எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. டியூப்லெஸ் டயரில் கயிறு சொருகி ஒட்டியது ஊருக்குள் ஓட்டப் போதும், டிராக் சூட்டுக்குப் போதாது. ரேஸ் டீம்கள் கழித்த பழைய ஸ்லிக்கும் (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) வேண்டாம். பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் அது, பிடிப்பு போயிருக்கும். ரோட்டில் ஓட்டவும் கூடாது.

காற்று

சரியான டயரை எடுத்தும் காற்றில் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். "டிராக்குக்கு காத்தைக் குறைக்கணும்" என்று எங்கோ கேட்டுவிட்டு காலையிலேயே 24 பிஎஸ்ஐ-க்கு (காற்றழுத்த அளவு) இறக்கிவிடுவார்கள். குறைந்த காற்றில் சைடுவால் அதிகம் மடங்கும், அதிகம் சூடாகும், டயர் தன் தோள்பட்டையில் படுத்து ஓடும். அந்தத் தம்பியின் டயரில் எழுத்து தேய்ந்திருந்தது அதனால்தான். மறுபக்கம், கம்பெனி சொன்ன 30-ல் கிளம்பி நாள் முழுக்க பார்க்காமல் விட்டாலும் தவறு. காலை 30 இருந்த டயருக்குள் காற்று 80 டிகிரி சூடானால் 37-ஐத் தொட்டுவிடும்.

செய்ய வேண்டியது இது. சொந்தமாகக் காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பங்க்கில் ஒவ்வொரு அளவு காட்டும். கம்பெனி அளவில் ஆரம்பித்து, ஓடிவிட்டு வந்த உடனே, டயர் ஆறுவதற்குள் பாருங்கள். சின்ன ஹாட்ச்பேக்கின் முன் டயருக்கு சூட்டில் 35-ஐ ஒட்டி வைத்துத் தொடங்கலாம். அதற்கு மேல் டயரே சொல்லும். கிளம்புமுன் சாக்பீஸால் தோள்பட்டையில், பட்டனிலிருந்து சைடுவால் வரை, மூன்று நான்கு இடத்தில் கோடு போடுங்கள். பட்டன் முடியும் இடத்தருகே சைடுவாலில் சின்ன முக்கோணம் ஒன்று அச்சாகியிருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை, இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முக்கோணத்தை எட்டவே இல்லை என்றால் கொஞ்சம் இறக்குங்கள். ஐந்து ரூபாய் சாக்பீஸ் சொல்வதை விலையுயர்ந்த கருவிகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அந்தத் தம்பிக்கு அன்று மதியம் இதைத்தான் செய்து காட்டினேன். வேறு டயர் இல்லை, அதனால் பிய்ந்ததை, இந்த வலஞ்சுழி டிராக்கில் குறைவாக அடி வாங்கும் பின் வலது பக்கம் போடச் சொன்னேன், முன்னால் காற்றை ஏற்றினோம், இரண்டு லேப் வேகம் ஒரு லேப் மெது என்று ஓட்டினார். சாயங்காலம் கோடு முக்கோணத்தில் வந்து நின்றிருந்தது. சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார்.

கிளம்புமுன் வீல் நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பானர்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். சூட்டில் காற்று இறக்கியிருந்தால் அதைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். சூட்டில் 37-லிருந்து 33-க்கு இறக்கிய டயர், மறுநாள் காலை ஆறியதும் 27-க்கும் கீழேதான் காட்டும். ஆபீஸுக்குப் போகும் வழியில் பங்க்கில் நிறுத்தி 30-க்கு ஏற்றிக்கொண்டு போங்கள்.