வியன்னா அரச மரச்சாமான் அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

வியன்னா போகிறவர்களில் பெரும்பாலோர் ஷோன்புருன், ஹோஃப்பர்க் இரண்டு அரண்மனைகளையும் பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால்தான் இந்த இடத்தை நினைக்கிறார்கள். நான் இதை முதலில் பார்க்கச் சொல்வேன். இதைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குள் நுழைந்தால், அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாற்காலியும் வேறு மாதிரி தெரியும். காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

படி 1: டிக்கெட்

இடம் ஆந்திரியாஸ்காஸ்ஸே 7. யூ3 மெட்ரோவில் ட்சீக்லர்காஸ்ஸே நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். திங்கள்கிழமை விடுமுறை. தனி டிக்கெட்டை விட சீசி பாஸ் வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஷோன்புருன், ஹோஃப்பர்க், இது மூன்றும் அதில் அடக்கம். ஷோன்புருன்னை மட்டும் பார்ப்பதாக இருந்தால் பாஸ் தேவையில்லை.

படி 2: கையில் என்ன வேண்டும்

சின்ன நோட்டு, பென்சில். போனில் நூறு படம் எடுப்பதை விட ஒரு நாற்காலிக் காலைக் கோடாக வரைந்து பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. கால் எங்கே வளைகிறது, எங்கே மெலிகிறது என்று கை தேடும்போதுதான் கண்ணும் அங்கே போகும். போனை வைத்து ஜூம் பண்ணிப் பார்க்கலாம், ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம்.

படி 3: கிடங்குப் பகுதியில் நில்லுங்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். உள்ளே போனதும் அலங்கரித்த அறைகளை எதிர்பார்த்து வருகிறோம். எதிரே அடுக்கடுக்காக நாற்காலிகள், விளக்குத் தண்டுகள், பிரார்த்தனை மேசைகள், எச்சில் பணிக்கங்கள், மலம் கழிக்கும் நாற்காலிகள் என்று ஒரே மாதிரிப் பொருட்கள் வரிசையாக நிற்கும். "இதென்ன குடோன் மாதிரி" என்று வேகமாகக் கடந்துவிடத் தோன்றும்.

குடோன்தான். 1747இல் ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரசா இதைத் தொடங்கியதே அரண்மனைச் சாமான்களுக்குக் கணக்கு வைத்துப் பராமரிக்கத்தான். அந்தக் காலத்தில் அவருடைய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஆண்டு முழுக்கச் சாமான்களோடு வைத்திருந்தது குளிர்கால இருப்பிடமான ஹோஃப்பர்க்கை மட்டும்தான். லாக்சன்பர்க், ஷோன்புருன் போன்ற கோடை அரண்மனைகள் மற்ற நேரத்தில் காலி. அரசவை இடம் மாறும்போது கட்டில், மேசை, திரைச்சீலை, கம்பளம் எல்லாமே வண்டியேறிக் கூடவே போகும். திரும்பியதும் எண்ணிப் பார்த்து, உடைந்ததைச் சரிசெய்து, மறுபடி அடுக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு தனி அலுவலகமே தேவைப்பட்டது.

இது மனதில் பதிந்த பிறகு அந்த வரிசைகளை மறுபடி பாருங்கள். ஒரு விருந்துக்கு ஒரே மாதிரி எத்தனை இருக்கை வேண்டியிருக்கும், ஏன் இத்தனை மெழுகுவர்த்தித் தண்டுகள் என்பதெல்லாம் தானாக விளங்கும். ஒரு வரிசையைத் தேர்ந்து, ஒரே ஜோடியாகச் செய்த இரண்டு நாற்காலிகளை ஒப்பிடுங்கள். கைப்பிடி நுனியில் மெருகு தேய்ந்திருக்கிறதா, குறுக்குச் சட்டத்தில் செருப்புக்கால் பட்ட வடு இருக்கிறதா, ஒரு கால் மட்டும் பிறகு மாற்றியது போல நிறம் வேறாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

மொத்தம் சுமார் 1,65,000 பொருட்கள் இந்தச் சேகரிப்பில் உண்டு. எல்லாம் காட்சியில் இல்லை. 1918இல் முடியாட்சி போனபின் சேகரிப்பு குடியரசின் கைக்கு வந்தது. இன்றும் அரசு அலுவலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் இங்கிருந்து சாமான்கள் போகின்றன. 1950களில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை (பாஸின் பெயரில் வரும் சீசி இவர்தான்) பற்றி எடுத்த படங்களுக்கும் அசல் சாமான்களே போயின. அவை எவை என்று காட்சியிலேயே குறித்திருக்கிறார்கள்.

படி 4: ஆட்களைத் தேடுங்கள்

மரியா தெரசாவின் தாய் எலிசபெத் கிறிஸ்டீனின் சக்கர நாற்காலி, எலிசபெத்தின் மகன் இளவரசர் ருடால்ஃபின் தொட்டில் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பேரரசி மரியா லுடோவிக்காவின் எகிப்திய அறையும் இருக்கிறது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பா முழுக்கப் பரவிய மோகம் அது. அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் சுவர், இருக்கை, அலங்காரம் எல்லாம் ஒரே கருத்தில் செய்தவை என்பது புரியும்.

படி 5: பீடர்மையர், பிறகு தோனெட்

என் மனம் கவர்ந்த பகுதி பீடர்மையர், அதாவது 1815 முதல் 1848 வரை இருந்த மரச்சாமான் பாணி. தங்கப் பூச்சும் செதுக்கலும் குறைந்து, மரத்தின் ரேகையே அலங்காரமாகிவிட்ட காலம். ஒரு அலமாரியின் முகப்பை நேராக நின்று பாருங்கள். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு மெல்லிய வெனீர் தகடுகளைப் புத்தகம் விரித்தது போல ஒட்டியிருப்பார்கள். இடது பக்க ரேகை வலது பக்கம் அப்படியே திரும்பி நிற்கும். நடுவில் தகடுகள் சேரும் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த அலமாரியில் அதுவே முதலில் கண்ணில் படும்.

அங்கிருந்து மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட்டின் வளைத்த பீச் மர நாற்காலிகளுக்கு வாருங்கள். ஆவியில் வேகவைத்த கட்டையை வளைத்தால் வெளிப்பக்க நார் இழுபட்டுப் பிளந்துவிடும். வெளிப்பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டையைப் பிடித்துக் கட்டினார் தோனெட். பட்டை நீளாது, அதனால் நாரும் நீள முடியாமல் உள்பக்கம்தான் அமுங்கும். 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலிக்கு மரத்துண்டுகள் ஆறே ஆறு, திருகுகள் பத்து, நட்டு இரண்டு. பிரித்து வைத்தால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கிய அரசவையைப் பார்த்த கையோடு இந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஓட்டோ வாக்னர், யோசஃப் ஹோஃப்மன், அடோல்ஃப் லூஸ் ஆகிய கட்டடக் கலைஞர்களின் சாமான்கள் உள்ள பகுதி கடைசியில் வரும். அதற்குள் கால் வலித்துவிடும். அதற்கென்று தெம்பு மிச்சம் வையுங்கள்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"குழந்தைகளோடு போகலாமா?" போகலாம். மலம் கழிக்கும் நாற்காலியும் எச்சில் பணிக்கமும்தான் அவர்களுக்கு முதலில் பிடிக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள்.

"அன்றே ஷோன்புருன்னும் முடியுமா?" முடியும், ஆனால் இடையில் ஓய்வு எடுங்கள். அங்கே போனதும் எலிசபெத்தின் கணவர் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் 1916இல் உயிர்விட்ட எளிய இரும்புக் கட்டிலைத் தேடிப் பாருங்கள்.

"இணையத்தில் இரண்டு பெயர் வருகிறதே?" ஹோஃப்மோபிலியன்டெப்போ, மோபல் மியூசியம் வீன் இரண்டும் ஒரே இடம்தான். பாஸ் வாங்கும்போது குழம்ப வேண்டாம்.