ஜீப்பில் கிராஸ் பேரிங் மாற்றினேன்

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை ஏறும் ஃபோர் வீல் ஜீப் எங்களுடையது. கிளட்சை விட்டதும் அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம், வேகமெடுத்தால் அதிர்வு. ஆளாளுக்கு கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னார்கள். அம்பாசமுத்திரத்து மெக்கானிக் மட்டும், “மொதல்ல ஷாஃப்டைக் கையால திருகிப் பாருங்க அண்ணாச்சி” என்றார். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின்பக்க ஷாஃப்டில், மூட்டிலிருக்கும் கூட்டல்குறி வடிவ கிராஸ் ஆடியது.

டயருக்குக் கல் வைத்தாக வேண்டும். ஷாஃப்டைக் கழற்றினால் கியர் வண்டியைப் பிடிக்காது. கழற்றுமுன் ஷாஃப்டின் இரு பாதிக்கும் பெயின்ட் கோடு போட்டேன். இரு பாதியையும் இணைக்கும் பல்வரிசையான ஸ்ப்ளைன் மாறி ஏறினால் புது பேரிங் போட்டும் அதிர்வு போகாது.

கிராஸின் நான்கு முனையிலும் மூடிபோல ஒரு பேரிங் கப் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பை எடுத்துவிட்டு, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் ஒருபக்கம் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் பெரிய சாக்கெட் வைத்து இறுக்கினால் கப் வெளியே வரும். சுத்தியலால் அடித்து, கிராஸைத் தாங்கும் கவையான யோக்கைக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். கப்புக்குள்ளே ஊசிபோன்ற உருளைகளான நீடில்கள் துருப்பிடித்துப் பொடியாகக் கிடந்தன. மலையில் மழைக்கா பஞ்சம்! சீல் போனால் தண்ணீர் இறங்கத்தான் செய்யும்.

பொறுமை வேண்டியது புதுக் கப்பில்தான். ஒரு நீடில் சாய்ந்தாலும் கப் முழுதாக உட்காராது, சர்க்ளிப் ஏறாது. கிரீஸ் தடவி நீடில்களைச் சுவரோடு ஒட்டவைத்தேன். பூட்டியதும் கிராஸ் இறுகலாக இருந்தது. யோக்கில் லேசாகத் தட்டியதும் இளகியது. நான்கு சீலிலும் பிதுங்கும்வரை கிரீஸ் அடித்தேன்.

முன் ஷாஃப்டில் ஆட்டம் இல்லை. அதைத் தொடவில்லை.