ஓடும்வரைதான் உயிர்: இன்டராக்டிவ் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டாலோ முன்னால் நடந்தாலோ பதில் தரும் திரைகளையும் விளையாட்டுகளையும் செய்வதுதான் இன்டராக்டிவ் டிசைனரான என் வேலை. என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் கிடக்கிறது. முதல் நான்கு வருடங்களில் நான் செய்த வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது: ஒரு கல்யாண அழைப்பிதழ், நகைக்கடைக்குச் செய்த விளையாட்டு, பள்ளிக்கூடத்துக்குச் செய்த சூரியக் குடும்பம். எல்லாமே ஃபிளாஷ், இணையப் பக்கங்களில் அசையும் படங்களும் விளையாட்டுகளும் செய்ய அப்போது இருந்த அடோபி மென்பொருள். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதற்கு முழுக்குப் போட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. இதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததல்ல. ஐபோனில் ஃபிளாஷ் ஏன் கிடையாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். அடோபியும் 2017-இலேயே கெடு சொல்லிவிட்டது. நாங்கள்தான் "கிளையன்ட் இன்னும் ஃபிளாஷ்தானே கேட்கிறார்" என்று உட்கார்ந்திருந்தோம்.

என் விசிட்டிங் கார்டில் அப்போது 'ஃபிளாஷ் டிசைனர்' என்றே போட்டிருந்தேன். மென்பொருளின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்வதைத்தான் இந்தத் தொழிலின் முதல் தவறு என்பேன். இன்று அதே இடத்தில் 'டச்டிசைனர் ஆர்ட்டிஸ்ட்', 'யூனிட்டி டிசைனர்' என்று பார்க்கிறேன். கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டுக்கும் இன்றைய இணையப் பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் அடித்தளம் ஒரே தரநிலைதான். நிரல் எப்படி யோசிக்கிறது என்று புரிந்து வைத்திருந்தவர்கள் அதிகச் சிரமமில்லாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் தவித்தார்கள். புதிதாக வருகிறவர்கள் யாராவது கேட்டால் நிரல் எழுதிப் படம் வரையப் பழக்கும் மென்பொருளான பிராசசிங்கில் தொடங்கச் சொல்வேன். கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கியது, இலவசம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை படத்தைப் புதிதாக வரைவது என்ற அதன் அடிப்படை பிடிபட்டுவிட்டால் வேறு கருவிக்குப் போனாலும் கூடவே வரும்.

இரண்டாவது தவறு, ஸ்கிரீன்ஷாட்டை போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பு, என்று நினைப்பது. சுவரில் ஓடும் ஒரு வேலையை நிறுத்திப் படம் எடுத்தால் அது அழகான வால்பேப்பர், அவ்வளவுதான். வேலை கொடுப்பவர் பார்க்க விரும்புவது அதன் முன்னால் நிற்கும் ஆளை. கை நீட்டுகிறார், ஏதோ நடக்கிறது, சிரிக்கிறார். இதை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள், உண்மையான சத்தத்தோடு. திறப்பு விழாக் கூட்டம் கலைந்த மறுநாள் போய் எடுத்தால் நல்லது. வீடியோவோடு எந்த விண்டோஸ் பதிப்பு, எந்த கிராஃபிக்ஸ் டிரைவர், எந்த எழுத்துரு, எந்த கேபிள் என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வையுங்கள். பார்வையாளரின் இதயத் துடிப்புக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான பல்புகள் மின்னும் 'பல்ஸ் ரூம்' (2006) படைப்பைச் செய்த ரஃபேல் லோசானோ-ஹெம்மர், இந்த மாதிரி வேலைகளைப் பாதுகாக்கப் படைப்பாளியே என்னென்ன செய்ய வேண்டும் என்று 2015-இல் விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார். அவர் அளவுக்கு நமக்கு அருங்காட்சியகங்கள் தேடி வராமல் இருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து கிளையன்ட் "அதை இன்னொரு கிளையில் போட முடியுமா?" என்று கேட்பார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரி, எனக்கு ரொம்ப வலித்த கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு வணிக வளாகம். தரையில் புரொஜெக்டரால் கோலம். ஆட்கள் நடக்க நடக்கப் புள்ளிகள் பூவாக விரிய வேண்டும். மேலே டெப்த் கேமரா. கடைகள் மூடிய பிறகுதான் உள்ளே விட்டார்கள், அதனால் எல்லாச் சோதனையும் நள்ளிரவில். மூன்று மணிக்குக் கோலம் அப்படியே உயிரோடு இருந்தது. காலை பத்தரைக்கு விருந்தினர்கள் வந்து நின்றபோது ஒரு பூவும் விரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன், கண்ணாடிக் கூரை! நான் வைத்திருந்த வகைக் கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசி, அது திரும்பி வருவதை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். வெயில் விழுந்த இடத்தில் கேமராவுக்குக் கண் கூசிவிட்டது. ரங்கநாதன் தெருவுக்கு ஆள் அனுப்பி இருபது மீட்டர் கறுப்புத் துணி வாங்கிக் கூரைக்குக் கீழே கட்டினோம். பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கோலம் எழுந்தது. அதற்குள் விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

வேலை ஓடப்போகும் இடத்தில், ஓடப்போகும் நேரத்தில் போய்ப் பார்க்காமல் வடிவமைக்காதீர்கள். இரவு காவலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்படி அதன் தொடக்க அமைப்பான பயாஸில் அமைத்தீர்களா? திரை நடுவே விண்டோஸ் அப்டேட் அறிவிப்பு வந்து நிற்குமா? சக்கர நாற்காலியில் வருபவருக்கு பட்டன் எட்டுமா? "இங்கே தொடவும்" என்று எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள், யாரும் படிப்பதில்லை. ஓரமாக நின்று அரைமணி நேரம் வேடிக்கை பாருங்கள், வாயைத் திறந்து விளக்க மட்டும் போகாதீர்கள். தொட்டதும் பத்தில் ஒரு நொடிக்குள் திரையில் எதுவும் அசையாவிட்டால் உடனடியாக நடந்த உணர்வு போய்விடும். அப்புறம் குழந்தைகள் திரையை அடிக்க ஆரம்பிப்பார்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: டிசைனை ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கடைசி நாளில் தமிழை ஊற்றுவது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வசதி இல்லாத மென்பொருளில் 'சென்னை' என்று போட்டுப் பாருங்கள். நினைவகத்தில் ச முதலில், கொம்பு பின்னால் என்றுதான் இருக்கும். அதை அப்படியே வரைந்தால் கொம்பு ச-வை விட்டுவிட்டு அடுத்த ன-வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். தமிழ் தெரியாத புரோகிராமருக்கு அது தவறென்றே தெரியாது. திறப்பு விழாவில் யாராவது ஓர் ஆசிரியர் கண்டுபிடிப்பார். அவசரத்துக்கு எழுத்துகளைப் படமாக மாற்றி வைக்கலாம்; ஆனால் முதல் நாளே ஒரு தமிழ் வரியை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது. கூடவே நீளமும் தெரிந்துவிடும். 'சேவ்' என்ற பட்டனில் 'சேமிக்கவும்' அடங்காது.

பணம். இதில் எல்லோரும் செய்யும் தவறு, படம் வரைந்து கொடுப்பதைப் போல ஒரே தொகை சொல்வது. இந்த வேலை கொடுத்த நாளில் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. பராமரிப்புக்குத் தனி ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), எத்தனை திருத்தம் என்ற எண்ணிக்கை, அட்வான்ஸ் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். சிறு நிறுவனமாக அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 2006-இன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி வாங்குபவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். இந்த வரியை பில்லின் அடியில் சேர்த்த பிறகு எனக்கு வரும் "அடுத்த வாரம் சார்" குறைந்திருக்கிறது.

பதிப்புரிமையும் எழுத்தில்தான் கைமாறும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எதுவும் படிக்காமல் "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்ற வரியில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் எழுதிய நிரலை அடுத்த வேலையில் நீங்களே பயன்படுத்த முடியாமல் போகலாம். வீடியோ எடுத்து என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்ற வரியையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள்.

கொட்டேஷனில் சில்லறைச் சாமான்களையும் விடாமல் எழுதுவேன். கேபிள், ஸ்டாண்டு, யூபிஎஸ், கடைசி வரியில் கறுப்புத் துணி 20 மீட்டர். "இது எதுக்கு சார்?" என்று எல்லா கிளையன்ட்டும் கேட்கிறார்கள்.