எல்லை மதிலின் நலிந்த இடங்களை நிலத்திலிருந்து கண்டெடுப்பது: மிகுபுனைவு எழுதுவோருக்கு

மந்திரமும் மாய உயிர்களும் உலவும் மிகுபுனைவுக் கதைகளில் வரும் எல்லை மதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீழ்கின்றன. நூற்றாண்டுகளாக எவராலும் தாண்ட முடியாமல் நின்ற மதில், கதைக்குத் தேவைப்படும் நாளில் ஒரு மந்திரத்தாலோ ஒரு துரோகியாலோ திறந்துகொள்கிறது. இதற்குக் காரணம் கற்பனைக் குறைவு அன்று. எழுதுபவர் மதிலை முதலில் வரைந்துவிட்டு, மலையையும் ஆற்றையும் பிறகு அதன் ஓரத்தில் ஒட்டவைப்பதே காரணம். வரிசையை மாற்றிக்கொண்டு, மதிலே இல்லாத நிலப்படத்தை முதலில் முடித்துவிட்டால், மதில் எங்கெல்லாம் நிலத்துக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பது தானாகத் தெரியவரும்.

மாதிரி நிலமாகப் பழைய வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளலாம். மேற்கே மைசூர்ப் பீடபூமி உயர்ந்து நிற்கிறது. கிழக்கே சமவெளி கடலை நோக்கிச் சரிகிறது. இடையில் சவ்வாது மலை, ஏலகிரி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய குன்றுகள். இவற்றுக்கு நடுவே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று பாலாறு வழி வகுத்துக்கொண்டு வருகிறது. பகைவர் பீடபூமியில் இருப்பதாகவும், உங்கள் கதைநாடு சமவெளியில் இருப்பதாகவும் கொண்டு, தெற்கே செங்கம் கணவாயிலிருந்து வடக்கே தாமல்செருவு கணவாய் வரை ஒரு மதிலை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் கணவாய்களைக் குறியுங்கள். பெரிய கணவாயே நலிந்த இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கேதான் வாயிலும் கொத்தளமும் படையும் குவிந்திருக்கும். ஆபத்து அதற்கு அடுத்த கணவாயில் இருக்கிறது. 1740-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி, மராத்தியப் படையைத் தடுக்கத் தாமல்செருவு கணவாயில் காத்திருந்தார். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அவ்விடம் வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான். மராத்தியர் வேறொரு வழியாக மலையைக் கடந்து அவருடைய முதுகுப்புறத்தில் வந்திறங்கினர். நவாப் போரில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1749-இல், நவாப் அன்வாருதீன் ஆம்பூர் மலையடிவாரத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே அரண் அமைத்து, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையையும் எதிர்கொண்டார். இம்முறை எதிரி சுற்றி வரவில்லை. முதல் தாக்குதல்கள் முறியடிக்கப்பட்ட பிறகும் நேராகவே மோதி அரணை உடைத்தான். அன்வாருதீனும் களத்திலேயே மடிந்தார். உங்கள் நிலப்படத்தில் ஒவ்வொரு கணவாய்க்கும் எதிரே இந்த இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இதைச் சுற்றிவர எத்தனை நாள் ஆகும், இதை நேரே உடைக்க எத்தனை உயிர் போகும்? இரண்டுக்கும் விடை தெரிந்திருந்தால் உங்கள் பகைத்தளபதி அறிவுள்ளவனாக நடந்துகொள்வான்.

அடுத்தது ஆறு. கதையாசிரியர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் அகன்ற மணற்படுகையாகவே கிடக்கிறது. நீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. அந்த நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுசென்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இத்தகைய ஆற்றின் குறுக்கே மதில் கட்ட வேண்டுமானால் கொத்தனாருக்கு இரண்டே வழிகள். மதிலின் அடியில் நீர் போக வளைவுத் திறப்புகள் வைத்து, அவற்றில் இரும்புக் கம்பிகளைப் பதிக்கலாம். ஆனால் வெள்ளத்தில் வரும் மரங்களும் புதர்களும் கம்பிகளில் சிக்கி அடைத்துக்கொண்டால் மதில் அணையாகிவிடும், அணையாகக் கட்டப்படாத மதிலை நீர் அடியோடு பெயர்த்துவிடும். அல்லது ஆற்றைத் திறந்தே விட்டுவிட்டு, இரு கரைகளிலும் கோட்டை அமைத்து நடுவிலுள்ள மணலைக் கண்காணிக்கலாம். இரண்டாவதே அறிவுடைமை என்று நான் கருதுகிறேன், கதைக்கும் அதுவே நல்லது. திறந்த மணல்வெளி பகைவருக்கு ராஜபாட்டை ஆகிவிடாது. வண்டிச் சக்கரம் புதையும், குதிரை தளரும், கரையிலிருந்து வரும் அம்புக்கு மறைய ஒரு புல்லும் இருக்காது.

ஆற்றின் உண்மையான ஆபத்து மதிலுக்கு வெளியே, மேல்மடையில் இருக்கிறது. 1903-இல் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சீரழித்தது. அது இயற்கையின் செயல். உங்கள் கதையில் அந்த ஏரிகள் பகைவர் கையில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியும் வேளையில், மேலே ஒன்றன்பின் ஒன்றாகக் கரைகளை வெட்டினால் கீழே மதிலின் ஆற்றுக் கோட்டைகள் ஒரே இரவில் காணாமற்போகும். ஆனால் அதே வெள்ளம் வடியும் வரை பகைவரின் படையும் ஆற்றைக் கடக்க இயலாது. இந்த இடைவெளியில் ஓர் அத்தியாயமே எழுதலாம்.

மூன்றாவதாக, மதிலைவிட உயரமான நிலத்தைத் தேடுங்கள். வேலூர்க் கோட்டை இதற்குக் கண்கூடான சான்று. கருங்கல் மதிலும் அகன்ற அகழியுமாகச் சமதரையில் நிற்கும் அக்கோட்டையைக் கிழக்கே உள்ள குன்றுகள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1677-இல் முற்றுகையிட்ட மராத்தியர் அக்குன்றுகளில் அரண் அமைத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டு கோட்டை அவர்கள் வசமானது. பிற்காலத்தில் ஹைதர் அலியின் படையும் அந்த மலைக்கோட்டைகளையே குறிவைத்தது. உங்கள் உலகில் பீரங்கி இல்லையென்றால் குன்றின் ஆபத்து குறையும், தீர்ந்துவிடாது. காவல் எப்போது மாறுகிறது, தானியம் எப்போது வருகிறது என்பதை ஒருவன் மேலே உட்கார்ந்து கணக்கெடுக்கலாம். வேலூர் அகழிக்கு ஒரு காலத்தில் சூரியகுண்டம் என்ற நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நீர் வந்தது. அகழியைத் தாண்ட முடியாதவன் அகழிக்கு நீர் வரும் வழியைத் தேடுவான் என்பதையும் நிலப்படத்தில் குறித்து வையுங்கள்.

மலைமுகட்டின் மேல் ஓடும் மதில் படத்தில் அழகாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 100 கிலோமீட்டர் மதிலில் ஐந்து மீட்டருக்கு ஒரு காவலர் என்றால் ஒரு நேரத்துக்கு 20,000 பேர். மூன்று முறைக்காவலுக்கு 60,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் தானியம் என்றால் தினமும் 36 டன் மலையேற வேண்டும். எந்த அரசனாலும் இது ஆகாது. எனவே மதிலின் நீண்ட பகுதிகள் வெறிச்சோடித்தான் இருக்கும்; காவல் சுனையை ஒட்டி ஒடுங்கிக்கொள்ளும். வட ஆற்காட்டு வெயிலில் பாறைமுகட்டுச் சுனைகள் சித்திரைக்குள் வற்றத் தொடங்கினால், காவலர்கள் குடத்தோடு கீழே இறங்கும் நேரம்தான் மதிலின் நலிந்த நேரம். இடத்தோடு பருவத்தையும் சேர்த்து எழுதுவது அதனால்தான் அவசியமாகிறது. உருண்டைப் பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் குன்றுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: மதில் பாறையின் மேல் நிற்கும், பாறைகளுக்கு இடையிலுள்ள பொந்து மதிலுக்கு அடியில் திறந்தே இருக்கும்.

அந்தப் பொந்துகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் அறிந்தவர்கள் மலைவாழ் மக்கள். சாமையும் தினையும் விளைத்து, தேன் எடுத்து, மலையின் இருபுறச் சந்தைகளுக்கும் போய்வந்தவர்களை மதில் பாதியாக வெட்டிவிடுகிறது. அவர்களை உடனே காட்டிக்கொடுப்பவர்களாக எழுதிவிடாதீர்கள், அது சோம்பேறித்தனம். மதில் அவர்களுடைய எந்தச் சந்தையை மூடியது, எந்தக் கோயிலை அப்பால் தள்ளியது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உதவிப்படை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் நிலவியல்தான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையைச் சிப்பாய்கள் கைப்பற்றியபோது, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் ஆங்கிலேயரின் குதிரைப்படை இருந்தது. அது காலையிலேயே வந்து சேர்ந்ததால் கோட்டை அன்றே கைமாறியது. மதிலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள பாசறைக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பகைவர் ஏணி சாத்தி ஏறிவர ஆகும் நேரத்தைவிட அது அதிகமாக இருக்கும் பகுதி எதுவோ, அதுவே நலிந்தது. தீப்பந்தச் சைகை வைத்திருந்தால் மார்கழி மூடுபனியில் அடுத்த குன்று தெரியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாளிகளும் பூதங்களும் வரும் உலகம் என்பதால் இவையெல்லாம் தள்ளுபடி ஆகிவிடுவதில்லை. யாளிக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். அதன் எடைக்கு ஈரமணல் தாங்குமா என்று கேட்க வேண்டும். பறக்கும் விலங்கு இருந்தால் மதில் எதற்குக் கட்டப்பட்டது என்ற கேள்விக்குக் கதை தொடங்கும் முன்பே விடை வைத்திருக்க வேண்டும்.

இவ்வாறு குறித்து முடித்தால் ஏழெட்டு நலிந்த இடங்கள் கிடைக்கும். அவற்றில் காவலர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றுக்கு ஒரு கொத்தளமோ, காவற்காடோ, இரட்டை மதிலோ கொடுத்துவிடுங்கள். மிஞ்சுவதில் ஒன்றை மட்டும் கதைக்கு எடுத்துக்கொண்டு, வேறொரு காரியமாக வரும் பாத்திரம் ஒருவரை முதல் பகுதியிலேயே அவ்வழியே நடத்திச் செல்லுங்கள்.